பழைய கதவு சொன்ன பால் கணக்கு

பட்டிமன்றத் தலைப்பு: வீட்டுக்குப் பெரிதும் அழகு சேர்ப்பது புதிய பொருள்களா? பழைய பொருள்களா?
‘பழைய பொருள்களே’ என்ற அணியில் பேசியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னோடு தோள் கொடுத்து நிற்கும் என் அணி நண்பர்களே! ‘புதுசு, புதுசு’ என்று இருபது நிமிஷம் முழங்கிவிட்டு, கையில் மட்டும் தன்னுடைய அப்பா கட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ‘இந்த அம்மா என்னதான் சொல்லுது, கேட்போம்’ என்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! 

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். பழைய சாமான் வைத்திருக்கிற வீடு காயலான் கடை மாதிரி இருக்கும் என்றார். அய்யா, காயலான் கடைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? காயலான் கடையில் சாமான் சும்மா கிடக்கும். வீட்டில் சாமானுக்கு ஒரு வேலை இருக்கும். வேலை இல்லாமல் கிடந்தால் நேற்று வாங்கிய பொருளும் காயலான் கடைச் சரக்குதான். பதினாறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, இன்றைக்கு ஈரத்துணி காயப்போடுகிற உடற்பயிற்சி சைக்கிள் எத்தனை வீட்டில் நிற்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து ஒரு பெரிய அஸ்திரத்தை எடுத்தார். நன்னூல்! பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமில்லை என்று பவணந்தி முனிவரே சொல்லிவிட்டார் என்று அடித்துச் சொன்னார். நானும் நாலு எழுத்து தமிழ் படித்தவள்தான் நடுவர் அவர்களே. நன்னூல் ஓர் இலக்கண நூல். அந்தச் சூத்திரம் மொழியைப் பற்றிப் பேசுகிறது. பவணந்தி முனிவர் ஒன்றும் மரச்சாமான் கடை வைத்திருந்து, ஆடித் தள்ளுபடிக்கு விளம்பரம் கொடுக்கவில்லை! (சிரிப்பு)

‘போகிக்குப் பழையதைக் கொளுத்துகிறோமே’ என்றார். சரி. நம்ம பாட்டிமார் போகித் தீயில் எதைப் போட்டார்கள்? கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, பிய்ந்து போன முறம். எந்தப் பாட்டியாவது தேக்குமரப் பெட்டியைத் தூக்கி நெருப்பில் போட்டாளா? பித்தளைக் குத்துவிளக்கை எறிந்தாளா? எது கழிய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அது மறந்து போச்சு. அதனால்தான் இன்றைக்கு போகி வந்தால், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள் என்று அரசாங்கமே நம்மிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எங்கள் கட்சியை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். பழைய பொருளைச் சும்மா வைத்திருப்பது அழகு இல்லை. அதைத் துடைத்து, சரி பண்ணி, அதுக்கு மறுபடி ஒரு வேலை கொடுத்தால், அதுதான் வீட்டுக்கு அழகு.

நாம் எப்படி இழந்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தெருவில் ஒரு குரல் வரும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்! அந்தக் குரல் கேட்டால் எங்களுக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்குள் ஓடி, எது கனமாக இருக்கோ அதைத் தூக்கிக்கொண்டு வருவோம். எங்கள் ஆச்சியின் இரும்புப் பாக்குவெட்டியை, மயில் மாதிரி வேலைப்பாடு செய்த பாக்குவெட்டியை, ஒரு கை பேரீச்சம்பழத்துக்குப் போட்ட மகராசி நான்தான்! பழம் சாப்பிட்டு முடிக்க நாலு நிமிஷம். ஆச்சி அந்தப் பாக்குவெட்டியைத் தேடியது நாலு மாதம். கடைசிவரைக்கும் நான் சொல்லவே இல்லை. இன்றைக்குத்தான் உங்கள் முன்னால் சொல்கிறேன். (சிரிப்பு)

பிள்ளைகள் பேரீச்சம்பழத்துக்குப் போனார்கள் என்றால், பெரியவர்கள் எவர்சில்வருக்குப் போனார்கள். பழைய பட்டுப்புடவைக்குப் பாத்திரம் என்று ஒருவர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா தாய்மார்களே? கல்யாணப் பட்டைக் கொடுத்துவிட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்குவோம். வாங்கிவிட்டு, ‘ஏமாத்திட்டேன்டி அவனை! கிழிஞ்ச சேலைக்குக் குடம் வாங்கிட்டேன்’ என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசுவோம். யார் ஏமாந்தது? அசல் சரிகை என்றால் என்ன? பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அவர் புடவைக்காக வரவில்லை அம்மா, வெள்ளிக்காக வந்தார்! புடவை நெருப்புக்குப் போயிற்று. வெள்ளி அவருக்குப் போயிற்று. நமக்கு மிஞ்சியது அடி நசுங்கிய குடம்.

சரி, போனது போகட்டும். போன சாமான் எங்கே இருக்கிறது தெரியுமா? காரைக்குடியிலே முனீஸ்வரன் கோவில் தெரு என்று ஒரு தெரு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போன தெரு. வெற்றிலைப் பெட்டி, பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் என்று வாசல் வரைக்கும் அடுக்கியிருப்பார்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சுப் படமாகப் போட்டார். அந்தப் படங்கள்தான் சாதாரண ஜனங்களின் வீட்டுச் சுவருக்கும் வந்தன. சில வீடுகளில் அந்தப் படத்துச் சாமிக்கு நிஜத் துணியில் புடவை ஒட்டி, ஜிகினா பதித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பெண்களின் கைவேலை அது! ‘கண்ணாடி உடைஞ்சிருச்சு, தூக்கிப் போடு’ என்று நாம் பரணிலிருந்து இறக்கியதை, அந்தத் தெருவில் போய் விலை கேட்டுப் பாருங்கள். நமக்குத் தலை சுற்றும். நம் வீட்டில் குப்பையாக இருந்தது, நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் ஏறினதும் கலைப்பொருளாகிவிடுகிறது. நாமே அங்கே போய் நின்று, அதுக்குப் பக்கத்தில் போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறோம்! (கைதட்டல்)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, ‘பழைய மரம் கனம், அழுக்கு, நகர்த்த முடியாது’ என்றார். அம்மா, அந்தக் கனம் சும்மா வந்ததில்லை. பல வருஷம் நின்று வளர்ந்து, நன்றாக வைரம் பாய்ந்த மரம். வீட்டில் கதவாக, உத்தரமாக எழுபது எண்பது வருஷம் இருந்து, ஈரமெல்லாம் போய் இறுகின மரம். அது இனிமேல் வளையாது, நெளியாது. நீங்கள் கடையில் பார்த்து மயங்குகிற புது மேசை பல நேரம் எது தெரியுமா? மரச் சீவலையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்தின பலகை. மேலே மரம் மாதிரி ஒரு தாள். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பு அதன் மேல் கவிழட்டும். ஓரமெல்லாம் ஊறி, ஆப்பம் மாதிரி உப்பும்! (சிரிப்பு) உப்பினால் இழைக்கவும் முடியாது, ஆணி அடிக்கவும் முடியாது. பழைய மரத்தில் கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். அதைச் சரி பண்ண நமக்கு வாய்ப்பு இருக்கிறது.

‘அதெல்லாம் செட்டிநாட்டு அரண்மனைக்குச் சரி. அறுநூறு சதுர அடி வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள் என்ன செய்வது?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. நானும் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். வேண்டுமானால் நாளைக்கே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

மாவாட்ட இயந்திரம் வந்ததும் ஆட்டுக்கல் மூலைக்குப் போய்விட்டது. அதை வாசலில் வைத்து, குழியில் தண்ணீர் ஊற்றி, ரெண்டு செம்பருத்தி மிதக்க விட்டிருக்கிறேன். காலையில் குருவி வந்து தண்ணீர் குடிக்கிறது. ஆனால் ஒன்று, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழகுக்கு வைத்ததில் கொசு குடித்தனம் வந்துவிடும். ஊறுகாய் ஜாடி காது உடைந்து போனால் எறியாதீர்கள். அடுப்பங்கரையில் கரண்டி போட்டு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. எங்கள் அம்மாவின் கல்யாண டிரங்குப் பெட்டி, துருவைத் தேய்த்துப் பச்சை வண்ணம் அடித்து, கூடத்தில் டீபாயாக நிற்கிறது. மேலே காப்பி டம்ளர், உள்ளே குளிர்காலப் போர்வை. தையல் மிஷின் பழுதானால், அந்த இரும்புக் கால் இருக்கிறதே, மிதியோடு, பூ வேலைப்பாடோடு, அதன் மேல் ஒரு பலகை போடுங்கள். பிள்ளைக்குப் படிக்கிற மேசை. என் மகன் பாடம் படிக்கிறானோ இல்லையோ, அந்த மிதியை மட்டும் விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறான்! (சிரிப்பு)

புடவை நைந்துவிட்டதா? உடல்தான் நையும், கரை நையாது. கரையை வெட்டி வெள்ளைத் திரைச்சீலையின் ஓரத்தில் தைத்துப் பாருங்கள். வங்காளத்தில் பெண்கள் பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பொடிப் பொடியாகத் தையல் ஓட்டி, ‘காந்தா’ என்று போர்வையாக்கினார்கள். கிழிசலை மறைக்க ஆரம்பித்த தையல், இன்றைக்கு உலகமே கேட்டு வாங்கும் கலை. நம் ஊரில் மட்டும் என்ன? பாட்டியின் நூல் சேலைதானே நமக்கெல்லாம் தூளி! புது நெகிழித் தொட்டிலில் போட்ட பிள்ளை கத்துகிறதையும், பாட்டி சேலையில் போட்ட பிள்ளை தூங்குகிறதையும் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். (கைதட்டல்)

ஆசையில் கண்ணை மூடிக்கொண்டும் இறங்கிவிடக் கூடாது. அதையும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. பழைய மரம் வாங்கினால் முதலில் ஒரு திருப்புளியால் அங்கங்கே குத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் கரையான் உங்களுக்கு முன்னாலேயே குடியேறிவிட்டது என்று அர்த்தம். பழைய விளக்கு, பழைய ரேடியோ வாங்கினால், உள்ளே இருக்கிற ஒயரை மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து வண்ணப் பூச்சில் காரீயம் இருக்கலாம். குழந்தை இருக்கிற வீட்டில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி அழகுக்கு வையுங்கள். உள்ளே வெள்ளீயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கோவில் சிலை சல்லிசாக வருது’ என்று யாராவது காதில் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்துவிடுங்கள். 1972-ல் தொல்பொருள் சட்டம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையும் ஓவியமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஊர் சாமியைக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்துவது அலங்காரம் இல்லை, பாவம்.

நடுவர் அவர்களே, பழையதை வைத்து அழகு செய்ய முடியாது என்கிறார்களே, ஒரு முறை சண்டிகருக்குப் போய் வரச் சொல்லுங்கள் இவர்களை. சுதந்திரத்துக்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டின புத்தம் புது நகரம் அது. பிரான்சிலிருந்து லே கொர்பூசியே என்ற பெரிய கட்டடக் கலைஞர் வந்து வரைந்து கொடுத்தார். புது நகரம் எழ வேண்டும் என்பதற்காக அங்கே இருந்த கிராமங்களை இடித்தார்கள். இடித்த வீட்டுச் சாமான், உடைந்த ஓடு, கோப்பை, கழிவுத்தொட்டி, வளையல் துண்டு எல்லாம் குப்பையாகக் குவிந்தது. அந்த ஊரில் நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர். சின்ன உத்தியோகம். அவர் என்ன பண்ணினார்? 1950-களின் கடைசியில் தொடங்கி, வேலை முடிந்ததும் சைக்கிளில் போய், அந்தக் குப்பையைப் பொறுக்கிக் காட்டுக்குள் சேர்த்தார். யாருக்கும் தெரியாமல், பல வருஷம், உடைந்த வளையலால் ஆடுகிற பெண்களைச் செய்தார். உடைந்த பீங்கானால் மயிலைச் செய்தார். அரசாங்க நிலத்தில் அனுமதி இல்லாமல் செய்த காரியம். 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்கலாம் என்றுதான் பேச்சு வந்தது. கடைசியில் 1976-ல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம். 2015-ல் அவர் காலமானார். இன்றைக்கும் அந்தப் பாறைத் தோட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஊரே புதுசு. அந்தப் புது ஊரில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கத் துடிப்பது பழைய குப்பையில் பிறந்த தோட்டம்! (பலத்த கைதட்டல்)

அவ்வளவு தூரம் போக வேண்டாமா? சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது. பழைய வீடுகளை அக்கக்காகப் பிரித்து, அங்கே கொண்டுவந்து அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்த் திண்ணையைப் பார்க்கிறார்கள். திண்ணையைப் பார்க்க நுழைவுச் சீட்டு வாங்க வேண்டிய காலத்துக்கு வந்துவிட்டோமே நடுவர் அவர்களே! நம் வீட்டில் இருந்தபோது அதன் மேல் சைக்கிளை அல்லவா நிறுத்தி வைத்தோம்?

எதிரணி சொன்னதில் ஒரு நியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ‘பழைய பொருளை வாங்கி வைக்கிறவர் ஆண், தூசி தட்டுகிறவள் பெண்’ என்றார் அந்தத் தங்கை. நூற்றுக்கு நூறு உண்மை. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஒரு பழைய பொருள் உள்ளே வந்தால், ஒரு பொருள் வெளியே போக வேண்டும். கொண்டுவந்தவர்தான் துடைக்க வேண்டும். இந்தச் சட்டம் போட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கலையார்வம் கொஞ்சம் குறைந்திருக்கிறது! (சிரிப்பு)

நடுவர்: அம்மா, மணி அடிக்கப் போறேன். சீக்கிரம் முடிங்க.

அய்யா, மூன்றே நிமிஷம். நீங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்த வெண்கல மணி பழைய மணிதானே? பழசுக்கு அது துரோகம் பண்ணாது. (சிரிப்பு) நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது.

எங்கள் மாமனாருக்குத் திருமயத்துப் பக்கம் ஒரு கிராமம். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2008-ல் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், இறந்துபோனார்கள். நாலு வருஷம் அந்த வீட்டில் மாமா தனியாகவே இருந்தார். 2012-ல் மழைக்குச் சுவர் இறங்கிவிட்டது. இனிமேல் அங்கே இருப்பது ஆபத்து என்று வீட்டை இடித்துவிட்டு, அவரைத் திருச்சிக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம்.

பழைய மரக்கடைக்காரர் வந்தார். வாசல் கதவு, நிலை, தூண், உத்தரம் எல்லாவற்றையும் அளந்து விலை பேசி வண்டியில் ஏற்றினார். ஒரே ஒரு கதவை மட்டும் விட்டுவிட்டுப் போனார். கொல்லைப்புறக் கதவு. ஒற்றைக் கதவு. ‘இது விலை போகாதும்மா. பின்பக்கம் பூரா ஆணியால கீறி வெச்சிருக்கு, பாருங்க’ என்றார். எனக்கு விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. எங்கள் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

திருச்சிக்கு வந்த மாமா பேசுவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் பதில். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லுவார். அந்தக் கதவும் அதே அறையில், சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டும் ஒரே மாதிரி கிடக்கிறதே என்று எனக்கு மனசுக்குள் ஓர் உறுத்தல்.

ஆறு மாதம் கழித்து ஆசாரியை அழைத்தேன். நாலு கால் வைத்து அந்தக் கதவைச் சாப்பாட்டு மேசையாக்கிவிடலாம் என்று யோசனை. அவர் கதவைப் படுக்கப் போட்டு, கீறல் விழுந்த பக்கத்தை இழைத்துவிடலாம் என்று இழைப்புளியை எடுத்தார். அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம். ‘கை வைக்காதே!’ ஆறு மாதத்தில் மாமா சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் நடுவர் அவர்களே.

எழுந்து வந்தார். கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கீறல்களை விரலால் தடவினார். ‘இது கீறல் இல்லைம்மா. உங்க அத்தை போட்ட பால் கணக்கு’ என்றார்.

எங்கள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாத்தியார் பெண்டாட்டிக்குக் கையெழுத்துக்கூட வராது. பால்காரர் கொல்லைப்பக்கம் வந்து பால் அளந்துவிட்டுப் போனதும், ஆணியை எடுத்து ஒரு கோடு போடுவார்களாம். உழக்குப் பால் என்றால் குட்டைக் கோடு. உரி என்றால் நெட்டைக் கோடு. மாதம் முடிந்து கணக்குத் தீர்ந்ததும், அந்த வரிசைக்குக் குறுக்கே ஒரு இழுப்பு. அப்படி ஒன்றரை வருஷக் கணக்கு அந்தக் கதவில் இருந்தது.

மாமா வரிசை வரிசையாகப் படித்தார். ‘இந்தா, இது வரைக்கும் குட்டைக் கோடு. நாங்க ரெண்டு பேரு, காப்பிக்கு மட்டும் வாங்குனது. இந்தா பாரு, இங்கேருந்து நெட்டைக் கோடு. உன் புருஷன் பொறந்த வருஷம், 1971’ என்றார். சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து வருஷக் கணக்காயிற்று.

படித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். நெட்டைக் கோடாக வந்துகொண்டிருந்தது மறுபடி குட்டையாகியிருந்தது. இரண்டு வரிசை. இரண்டு மாதம். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

‘என்ன மாமா?’ என்றேன்.

‘அது என் தங்கச்சி கல்யாணம் முடிஞ்ச சமயம்மா. சம்பளம் பூரா கடனுக்குப் போயிருச்சு. ஆனா எனக்குத் தினம் ரெண்டு வேளை காப்பி வந்துச்சு. ஒரு வேளைகூடக் குறையலை. பிள்ளைக்கும் பால் குறையலை’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்ப யாரு குடிக்கலை?’ என்று கேட்டார்.

பிள்ளை பெற்ற உடம்புக்கு அத்தை குடிக்க வேண்டிய பால் நடுவர் அவர்களே! புருஷனுக்குத் தெரியாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், தன் பங்கை நிறுத்தியிருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகி, அவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பழைய கதவு வந்து அந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறது. எழுதத் தெரியாத பெண் எழுதின ஒரே எழுத்து அது. விலை போகாது என்று விட்டுப் போனார்களே, அந்த எழுத்து!

அந்தப் பக்கத்தை நாங்கள் இழைக்கவில்லை. அதையே மேல்பக்கமாக வைத்து, வார்னிஷ் பூசி, மேலே ஒரு கண்ணாடி போட்டோம். ஆசாரிக்குக் கால் பொருத்தச் சொன்ன கூலி, கண்ணாடிக்குக் கொடுத்த காசு, அவ்வளவுதான் செலவு. அன்றைக்கு ராத்திரி மாமா பின்னறையில் சாப்பிடவில்லை. எழுந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார். சரியாக அந்தக் குட்டைக் கோடுகள் இருக்கிற இடத்துக்கு நேராக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அதுதான் அவர் இடம். காப்பி வந்தால், ‘உனக்கு வெச்சுக்கிட்டியாம்மா?’ என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். அந்தக் கேள்வியை என் வீட்டுக்காரரும் இப்போது கேட்கப் பழகிவிட்டார். (நீண்ட கைதட்டல்)

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், ‘இந்த மேசை ரொம்ப அழகா இருக்கே, எங்கே வாங்கினீங்க?’ என்று கேட்கிறார்கள். நான் கதையைச் சொல்வேன். அவர்கள் மேசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய எந்த மேசையையாவது வந்த விருந்தாளி அப்படித் தொட்டுப் பார்த்ததுண்டா?

‘எங்களுக்கு இப்படி ஒரு கதவு இல்லையே, நாங்கள் எங்கே போவது?’ என்று எதிரணி கேட்கலாம். கவலைப்படாதீர்கள். இன்றைக்கு வாங்குகிறதும் ஒரு நாள் பழையதுதான் ஆகும். அதனால் வாங்கும்போதே பழையதாகத் தகுதி உள்ள பொருளாகப் பார்த்து வாங்குங்கள். உடைந்தால் சரி பண்ண முடிகிற பொருளாக, பேரன் கையில் கொடுக்க முடிகிற பொருளாக வாங்குங்கள். பரணில் கிடக்கிறதை நாளைக்கு ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பெரியவரைக் கூப்பிட்டு, ‘இது என்னது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பொருளுக்கும் வேலை கிடைக்கும். அவருக்கும் பேச்சு வரும்.

ஆகவே நடுவர் அவர்களே, புதுப் பொருள் கூடத்தை நிரப்பும். பழைய பொருள்தான் அந்தக் கூடத்தை நம்ம வீடாக்கும். வீட்டுக்குப் பெரிதும் அழகு சேர்ப்பது பழைய பொருள்களே, பழைய பொருள்களே என்று உங்கள் பழைய மணியின் மேல் ஆணையாகத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று வேண்டி, என் ஆச்சியின் பாக்குவெட்டி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டு, விடைபெறுகிறேன்.